எங்கள் மாடியில் பிறை படுத்திருக்கிறது

பிப்ரவரி மாதம், அமாவாசை முடிந்த மூன்றாம் நாள். அம்மா வழக்கம்போல ஆறரை மணிக்கே மாடிக்குப் போய்விட்டார். மூன்றாம் பிறையைப் பார்க்காமல் அவருக்கு மாதம் தொடங்காது. பிறை தெரிந்ததும் கையைக் குவித்துக் கும்பிட்டுவிட்டு, "எல்லாரும் வந்து பாருங்க" என்று குரல் கொடுத்தார். நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் கையில் ஒரு தாளோடு ஓடினாள். குழந்தைகளுக்கான ஒரு வானியல் தளத்திலிருந்து நான் அச்சிட்டுக் கொடுத்திருந்த நிலாவின் வளர்பிறை, தேய்பிறைப் படம் அது.

தாளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தாளில் பிறை அடைப்புக்குறி மாதிரி நிமிர்ந்து நின்றது. மேற்கே பக்கத்துத் தெரு வேப்பமரத்துக்கு மேலே இருந்த பிறையோ படகு மாதிரி படுத்துக் கிடந்தது.

"அப்பா, நம்ம நிலா தப்பா இருக்குப்பா."

தாள் தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணெதிரே இருக்கிற நிலாவைத்தான் தப்பு என்றாள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. குழந்தை வானத்தைப் பார்க்கட்டும் என்று நான் எடுத்துக் கொடுத்த தாள், அவள் கண்ணையே அவள் நம்பாதபடி செய்திருக்கிறது.

படம் பொய்யில்லை. அது வேறு ஊரின் நிலா. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில் இருக்கிறது. இங்கே மாலைச் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது. நிலாவும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது. அதனால் பிறை தெரியும் நேரத்தில் சூரியன் அதற்கு நேர் கீழே தொடுவானத்துக்கு அடியில் இருக்கும், ஒளி நிலாவின் அடிப்பக்கத்தில் படும். பிப்ரவரி, மார்ச்சில் படகு நன்றாகவே படுத்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ சூரியன் சாய்வாக இறங்குவதால் பிறையின் வலப்பக்கம் ஒளிரும். அங்கிருந்து வரும் படங்களில் பிறை நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். இதை மறுநாள் ஒரு எலுமிச்சம்பழத்தையும் டார்ச்சையும் வைத்து அவளுக்குக் காட்டினேன். புரிந்துகொண்டாள். ஆனால் இன்னும் எத்தனை படங்கள் இப்படி வேறு ஊர் வானத்தைக் காட்டுகின்றன என்ற கேள்வி என்னை விடவில்லை. அடுத்த மூன்று மாதம் இராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குழந்தைகளுக்கான வானியல் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவற்றில் நாசாவின் ஸ்பேஸ் பிளேஸ் தளத்தை எந்தப் பெற்றோருக்கும் தயங்காமல் சொல்வேன். 1998இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. காசு கேட்பதில்லை, விளம்பரம் கிடையாது. இந்த விளம்பர விஷயம் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. வேறொரு தளத்தில் வியாழனைப் பற்றிய நாலு வரிக்கு நடுவே மூன்று விளம்பரம் வந்தது. அதில் ஒன்று "தொடங்கு" என்ற பொத்தான் மாதிரியே இருந்தது. மகள் அதைத்தான் அழுத்தினாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எது பாடம், எது வலை என்று எப்படித் தெரியும்? அந்தத் தளத்தை அன்றைக்கே மூடிவிட்டேன்.

ஒரு தளம் சரியானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் முதல் சோதனை பருவகாலம். கோடை ஏன் வருகிறது என்று கேட்டால், பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்றுதான் பெரியவர்களில் பலரே சொல்வார்கள். ஸ்பேஸ் பிளேஸ் இந்தத் தப்பை நேராகவே எடுத்துப் பேசுகிறது. பலர் இப்படி நம்புகிறார்கள், கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் சரியில்லை என்று சொல்லிவிட்டு, பூமியின் அச்சுச் சாய்வுக்குப் போகிறது, அதாவது பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதுதான் காரணம் என்கிறது. குழந்தை மனசில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதியது என்பது அந்த இடத்திலேயே தெரிகிறது. இன்னொரு தளத்தில் பூமியின் பாதையை முட்டை மாதிரி நீட்டி வரைந்து வைத்திருந்தார்கள். எழுத்தில் அச்சுச் சாய்வு என்று சரியாகவே இருந்தது. படமோ தூரம்தான் காரணம் என்று சொல்லாமல் சொன்னது. பிள்ளைகள் படத்தைத்தான் நம்புவார்கள்.

இதற்கு நம் வீட்டிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். நம் கணக்கில் மார்கழி 20 வாக்கில். அப்போது தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், ஆனி 20 வாக்கில், 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர். அதாவது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோலம் போட எழுந்திருக்கிறோமே, அந்த மார்கழி விடியலில்தான் சூரியன் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. இதை மகளிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எந்தத் தளமும் இதை இப்படிச் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே பாடத்தில் அவள் இன்னொரு முட்டுக்கட்டையையும் கண்டுபிடித்தாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கோடை என்று படித்துவிட்டு, "ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்துருவாங்களேப்பா, அதுக்குள்ள வெயிலு முடிஞ்சிருமே" என்றாள். சரியான கேள்வி. நான்கு பருவம் என்ற கணக்கு நம் ஊருக்கு ஒட்டாது. மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு முறை. ஒன்று ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்த ஓரிரு நாளில். இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் வரும். ஏப்ரலில் உச்சி வெயில் தரையைக் காய்ச்சுகிறது, மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் அது உச்சத்துக்குப் போகிறது. அப்புறம் தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தைக் கொண்டுவந்து தணிக்கிறது.

இதை எழுத்தில் விளக்கிக்கொண்டிருக்காமல் ஏப்ரலில் மாடியில் செய்து பார்த்தோம். ஒரு பூச்செடித் தொட்டியில் மண்ணைக் கெட்டித்து, துடைப்பக் குச்சி ஒன்றை நேராக நட்டோம். எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 12.17க்கு. மகள் ஒவ்வொரு நிமிடமும் நிழலின் நுனியில் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளி வைத்தாள். விரல் நீளம், நகம் அளவு, அப்புறம் குச்சியின் அடியைச் சுற்றி ஒன்றுமே இல்லை. அவள் தன் கையையே குச்சிக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள். அவள் நிழல் முழுக்க அவள் காலடிக்குள் சுருண்டிருந்தது. மொட்டை மாடிச் சூட்டில் செருப்பில்லாமல் நின்றது அப்போதுதான் உறைத்து, குதித்துக்கொண்டு நிழலுக்கு ஓடினாள். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும் என்பதையும் அந்தத் தொட்டியை வைத்தே தெரிந்துகொண்டாள். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் குழந்தைக்கு இந்த இரண்டுமே கிடைக்காது. அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வராது.

லாஸ் ஏஞ்சலஸைச் சும்மா இழுக்கவில்லை. ஸ்பேஸ் பிளேஸில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு காகித விளையாட்டு. மாதத்துக்கு ஒன்றாக ஒரு தாள். அச்சிட்டு, நாலு மூலையையும் நடுவுக்கு மடித்து, திருப்பி மறுபடி மடித்து, அடியில் விரல்களை நுழைத்துத் திறந்து மூடலாம். நம் பள்ளிக்கூடங்களில் கடைசி பெஞ்சில் நிறத்தையும் எண்ணையும் சொல்லி விளையாடுவோமே, அதே மடிப்பு. ஆனால் இதைத் திறந்தால் அந்த மாதத்து வானம் இருக்கும், வரும் பெயருக்குரிய விண்மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, மடித்து, இருட்டுக்குள் எடுத்துக்கொண்டு போக வைக்கிற தளம் எனக்குத் தெரிந்து அரிது. பெரும்பாலான தளங்கள் குழந்தையைத் திரையைவிட்டு எழவே விடாது. ஒரு சுட்டல், ஒரு நட்சத்திரப் புள்ளி, ஒரு கைதட்டல் சத்தம், மறுபடி ஒரு சுட்டல்.

பிப்ரவரித் தாளை மடித்து மேலே கொண்டுபோனோம். வடக்கு நட்சத்திரம், அதாவது துருவ நட்சத்திரம், தாளில் நல்ல உயரத்தில் இருந்தது. எங்கள் மாடியில் தேடினால் காணோம். அப்புறம்தான் குறிப்பைப் படித்தேன். அந்தத் தாள்கள் வடக்கே 34 டிகிரிக்கு, லாஸ் ஏஞ்சலஸ் இருக்கும் அளவுக்கு வரையப்பட்டவை. அதை அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், அது நேர்மை. நம் ஊர் எத்தனை டிகிரி வடக்கோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் தெரியும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அந்த அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. மதுரைக்கு ஒரு முஷ்டி, லாஸ் ஏஞ்சலஸுக்கு மூன்றரை முஷ்டி. எங்களுக்கு அந்த ஒரு முஷ்டி உயரத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.

அதனால் நாங்களே ஒரு தாள் செய்தோம். ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஊரை மதுரை என்றும் நேரத்தை இரவு எட்டரை என்றும் வைத்தால் அன்றைய வானம் அப்படியே வரும். அதைப் பார்த்து மகள் வெள்ளைத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அந்த அச்சிட்ட தாளில் தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கக்கூடிய ஒரு நட்சத்திரம் நமக்கு இரண்டரை முஷ்டிக்கும் மேலே பளிச்சென்று நிற்பதைப் பார்த்தோம். அகத்தியர் நட்சத்திரம். சீரியஸ் என்ற நட்சத்திரத்துக்கு அடுத்தபடி இரவு வானத்தில் அதிக ஒளியுள்ளது. தெற்கே பார்த்த வீட்டில் இருப்பவர்கள் பிப்ரவரி மாத இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்றாலே தெரியும்.

தமிழில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தேன். ஸ்பேஸ் பிளேஸ் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டும்தான் இருக்கிறது. உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்த்த ஒரு பக்கத்தில் எரிநட்சத்திரம் "படப்பிடிப்பு நட்சத்திரம்" ஆகியிருந்தது. அமாவாசை "புதிய நிலவு". இதைப் படிக்கும் பிள்ளை தன் வீட்டு நாள்காட்டியில் கறுப்பு வட்டம் போட்டிருக்கும் நாளும் இதுவும் ஒன்றுதான் என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? அப்பத்தா சொல்லும் அமாவாசையும் பாடத்தில் வரும் அமாவாசையும் ஒன்று என்று தெரிவதுதானே முதல் படி.

சரி, நேராகத் தமிழிலேயே தேடலாம் என்று மகள் "சனி கிரகம்" என்று தட்டினாள். வந்ததெல்லாம் சனிப்பெயர்ச்சிப் பலன்கள். யாருக்கு ஏழரை, யாருக்கு அஷ்டமம், என்ன பரிகாரம். வளையங்களோடு இருக்கும் அந்த அழகான கோளைத் தேடிய பிள்ளைக்கு முதல் பக்கம் முழுக்கப் பயம்தான் கிடைத்தது. எனக்கு இது பெரிய வருத்தம். தமிழில் குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பல ஆண்டுகளாகப் பள்ளி பள்ளியாகப் போய் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆனால் தேடுகிற விரலுக்கு அது எட்ட வேண்டும்.

இதே பெயர்களிலிருந்துதான் அந்த வருடத்தின் நல்ல இரவும் எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் கைத்தாளில் ஓரியன் என்ற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தை வரையும்போது, அதன் தோளில் இருக்கும் சிவந்த நட்சத்திரத்துக்குத் தமிழில் திருவாதிரை என்று எழுதச் சொன்னேன். மகள் நிமிர்ந்து, "அப்பத்தாவோட நட்சத்திரம்ல" என்றாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது அம்மா அறுபது வருடமாகச் சொல்லிவரும் நட்சத்திரம். கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போய், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் காட்டி, அதற்கு மேலே என்று விரலை நீட்டினாள். அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. கண்புரை அறுவை சிகிச்சை செய்த கண். பிறகு, "செவப்பா, மினுக்குமினுக்குன்னு இருக்கே, அதா?" என்றார். "அதேதான் அப்பத்தா." அது ஐநூறு ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது, நம் சூரியனைவிடப் பல நூறு மடங்கு பெரியது என்று மகள் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அண்ணாந்தபடியே நின்றிருந்தார். பஞ்சாங்கத்தில் இருக்கிற பெயர் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தாராம். மேலே நிஜமாக இருக்கிறது என்று யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

தகவல் எவ்வளவு புதியது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குச் சனியின் துணைக்கோள் எண்ணிக்கையைத்தான் நான் பயன்படுத்துகிறேன். 62 என்று இருந்தால் அந்தப் பக்கத்தை 2019க்கு அப்புறம் யாரும் தொடவில்லை. 82 என்றால் 2019 அக்டோபரில் 20 புதிதாகச் சேர்ந்தபோது திருத்தியிருக்கிறார்கள். 146 என்றால் 2023. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்து 274 ஆனது. கோள்கள் ஒன்பது என்று இன்னும் சொல்கிற தளங்களும் இருக்கின்றன. புளூட்டோவைக் குறுங்கோளாக்கி 2006 ஆகஸ்டிலேயே முடிவெடுத்தாயிற்று. தேதி போடாத பக்கங்களுக்கு இந்த எண்கள்தான் தேதி. பழைய எண் இருப்பதால் மட்டும் ஒரு தளத்தைத் தள்ளிவிடுவதில்லை. நாசாவின் கோடார்ட் மையத்தார் செய்த ஸ்டார்சைல்டு என்ற பழைய தளத்தில் ஒரே தலைப்பைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு படியிலும், கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு அடுத்த படியிலும் எழுதியிருந்தார்கள். அந்த யோசனை இன்றைய பளபளப்பான தளங்கள் பலவற்றில் இல்லை.

எல்லாத் தளமும் சறுக்குகிற ஓர் இடம் தூரம். எட்டுக் கோளையும் ஒரு திரைக்குள் கொண்டுவர வேண்டும், அதனால் தோளோடு தோள் உரசி நிற்க வைத்துவிடுகிறார்கள். இதைத் திரையில் சரிசெய்ய முடியாது. தெருவில்தான் முடியும். மே மாத விடுமுறையில் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டோம். உரித்த சின்னத் தேங்காய், குறுக்களவு 10 சென்டிமீட்டர், அதுதான் சூரியன். எங்கள் வாசல்படியில் வைத்தோம். அந்தக் கணக்கில் பூமி ஒரு கடுகுக்குள் அடங்கிவிடும், 1 மில்லிமீட்டர்கூட வராது. அது தேங்காயிலிருந்து பத்தே முக்கால் மீட்டர் தள்ளிப் போக வேண்டும். இரண்டு வீடு தாண்டிப் போய்க் கடுகை ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டிவைத்தோம். நிலா அந்தக் கடுகிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. மனிதன் இதுவரை போய்வந்த தூரமெல்லாம் அந்த இரண்டு விரல் இடைவெளிதான். வியாழன் ஒரு கொண்டைக்கடலை, 56 மீட்டரில், தெரு முனையில். நெப்டியூனுக்கு 323 மீட்டர் நடக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பையும் தாண்டிவிட்டோம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் தேங்காய் தெரியவில்லை, எங்கள் வீடே தெரியவில்லை.

"அப்ப பக்கத்து நட்சத்திரம் எங்க இருக்கும் மாமா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆல்ஃபா சென்டாரி இன்னொரு தேங்காய். இங்கிருந்து 3,000 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. மதுரையிலிருந்து ஸ்ரீநகர் வரை நேர்கோட்டில் போனாலும் பத்தாது. நடுவில் வேறு தேங்காயே கிடையாது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள்.

அதே வாரம் இரவு பத்து மணிக்கு மேல் மாடிக்குப் போனோம். காற்று இல்லை, தெருவிளக்கு இரண்டு எரியவில்லை, அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவையின் நாலு நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம், கொஞ்சம் தாழ, இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். இடது ஓரத்தில் இருப்பதுதான் ஆல்ஃபா சென்டாரி. லாஸ் ஏஞ்சலஸ் வானத்தில் அது உதிப்பதே இல்லை. அதனால் அச்சிட்ட மேமாதத் தாளில் அதற்கு இடமும் இல்லை. மகள் தன் கைத்தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து வட்டம் போட்டாள்.

பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தெற்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அப்ப அந்தத் தேங்கா ஸ்ரீநகர் பக்கம் இல்ல. இந்தப் பக்கம் கன்னியாகுமரியத் தாண்டி, கடலுக்குள்ள இருக்கு."